சிவப்பு எழுத்து வராத பிழைகள்

செல்சியஸைப் பாரன்ஹீட்டாக மாற்றும் நிரலை எழுதாமல் யாரும் நிரலாக்கம் பழகுவதில்லை. வாய்பாடு தெரிந்ததுதான்: 9 / 5 * செ + 32. இதைச் சி மொழியிலோ ஜாவாவிலோ அப்படியே தட்டி, 100 கொடுத்து ஓட்டுங்கள். வர வேண்டியது 212. வருவது 132. நிரலை இயந்திரத்துக்கு மொழிபெயர்க்கும் கம்பைலர் ஒரு வார்த்தை பேசாது. நிரல் பாதியில் நிற்காது. தண்ணீர் எத்தனை பாரன்ஹீட்டில் கொதிக்கும் என்று முன்பே தெரிந்தவருக்கு மட்டும்தான் அது தப்பென்று உறைக்கும்.

9, 5 இரண்டும் முழு எண்கள். முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் இந்த மொழிகள் ஈவை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைத் தூக்கிப் போட்டுவிடும். ஆக 9 / 5 என்பது 1. நூறை ஒன்றால் பெருக்கி 32 கூட்டினால் 132. இதைச் சரிசெய்யப் பலர் வரிசையை மாற்றி செ * 9 / 5 + 32 என்று எழுதுவார்கள். 100க்கு 212 வந்துவிடும். நிம்மதியாக அடுத்த பயிற்சிக்குப் போய்விடுவார்கள். செ முழு எண்ணாக இருக்கும்போது 37 கொடுத்துப் பார்த்திருந்தால், 98.6க்குப் பதிலாக 98 வருவதைக் கண்டிருப்பார்கள். வேண்டியது 9.0 / 5 என்று ஒரு புள்ளியும் ஒரு சுழியும்தான்.

பழகத் தொடங்குகிறவர்கள் திரையில் சிவப்பாக வரும் எரரைக் கண்டு மிரளுகிறார்கள். அது உபகாரி, எந்த வரியில் தடுக்கியது என்று எண்ணோடு சொல்லிவிடுகிறது. முதல் சில மாதங்களில் நேரத்தைத் தின்பவை, சத்தமே இல்லாமல் தப்பு விடை தரும் வரிகள். அவை ஒளிந்திருக்கும் இடங்களும் அதிகமில்லை: எண்ணின் வகை, நிபந்தனையின் விளிம்பு, வரிகளைத் திரும்பத் திரும்ப ஓட்டும் லூப் நிற்கும் இடம்.

கீழே நிரல் துண்டுகள் தமிழ்ச் சொற்களில் இருக்கின்றன. "எனில்" என்ற இடத்தில் இஃப், "இல்லையேல்" என்ற இடத்தில் எல்ஸ், "இருக்கும்வரை" என்ற இடத்தில் வைல் என்று உங்கள் மொழிக்கேற்பத் தட்டிக்கொள்ளுங்கள். குறிகள் எல்லாம் அப்படியே: == என்றால் சமமா, != என்றால் சமமில்லையா. ஈவை மட்டும் தரும் // பைத்தானின் குறி, சி, ஜாவாவில் அந்த இடத்தில் / போடுங்கள்.

எண்ணும் வகையும்

வகுத்தல் இன்னொரு வேடத்திலும் வரும். கூட்டுத்தொகை 15, எண்ணிக்கை 2, சராசரி 7.5 வர வேண்டும். 7 என்று வந்ததும், "ஓ, புள்ளி எண் வகையான டபுளாக மாற்ற வேண்டும்" என்று நினைவு வந்து, டபுள்(கூட்டுத்தொகை / எண்ணிக்கை) என்று எழுதுவார்கள். இப்போது 7.0 வரும். அடைப்புக்குள் வகுத்தல் முதலில் நடந்து அரை போய்விட்டது. அதன்பிறகு வகையை மாற்றினால் போனது திரும்பாது. மாற்ற வேண்டியது வகுப்பதற்கு முன், கூட்டுத்தொகையை. விடையை வாங்கிக்கொள்ளும் மாறி டபுளாக இருப்பதால் கணக்கும் டபுளிலேயே நடக்கும் என்ற நம்பிக்கைதான் இங்கே குழி. சமக்குறிக்கு வலப்பக்கம் நடக்கும் கணக்கு தன்னிடம் உள்ள எண்களின் வகையை மட்டுமே பார்க்கும். இடப்பக்கம் எவ்வளவு பெரிய பாத்திரம் காத்திருக்கிறது என்பது அதற்குத் தெரியாது.

இதே குழியில் பெரிய எண்களும் விழும். 30 நாளுக்கு எத்தனை மில்லிவிநாடி என்று ஜாவாவில் 30 * 24 * 60 * 60 * 1000 எனக் கணக்கிட்டு, பெரிய முழு எண்களுக்கான லாங் மாறியில் வாங்குங்கள். 2,592,000,000 வர வேண்டும். வருவது -1,702,967,296. பெருக்கப்பட்ட ஐந்தும் சாதாரண முழு எண் வகையான இன்ட். 32 பிட் இன்ட்டின் உச்சம் 2,147,483,647. அதைத் தாண்டியதும் வழிந்து அடிமட்டத்திலிருந்து தொடங்கிவிடுகிறது. பிறகு லாங்கில் ஊற்றி என்ன பயன்? 24 நாள் வரை இந்த வரி ஒழுங்காக வேலை செய்யும், 25 நாளில் உடையும் என்பதுதான் இதில் பொல்லாத விஷயம். முதல் எண்ணான 30ஐ லாங் ஆக்கிவிட்டால் பின்னால் வருவதெல்லாம் லாங்கிலேயே நடக்கும்.

வழிந்தால் நெகட்டிவ் எண் வரும், பார்த்ததும் கண்டுபிடித்துவிடலாம் என்று சிலர் தைரியமாக இருப்பார்கள். அவர்கள் ஜாவா இன்ட்டில் ஃபேக்டோரியல் (1 முதல் அந்த எண் வரை எல்லாவற்றின் பெருக்கல்) எழுதிப் பார்க்க வேண்டும். 12க்கு 479,001,600 சரியாக வரும். 13க்கு வர வேண்டியது 6,227,020,800, வருவது 1,932,053,504. பார்க்க எவ்வளவு நம்பகமாக இருக்கிறது! 14க்கு 1,278,945,280, அதாவது 13க்கு வந்ததைவிடக் குறைவு. முதல் நெகட்டிவ் எண் 17இல்தான் தலைகாட்டும். 34இலிருந்து விடை எப்போதும் 0. பிடிக்க ஒரு குறுக்குவழி உண்டு: 5 முதல் எந்த ஃபேக்டோரியலும் சுழியில்தான் முடியும், 13இன் விடை 4இல் முடிகிறதே, அங்கேயே குட்டு வெளிப்பட்டுவிட்டது. லாங்குக்கு மாற்றினால் 20 வரை தாங்கும், 21இல் அதுவும் வழியும். சி மொழியில் இப்படிச் சுற்றி வரும் என்ற உத்தரவாதம்கூடக் கிடையாது. குறியுள்ள முழு எண் வழிந்தால் என்ன நடக்க வேண்டும் என்று அந்த மொழியின் விதி வரையறுக்கவே இல்லை. பைத்தானில் முழு எண்ணுக்கு உச்சமே இல்லை, நினைவகம் இருக்கும்வரை வளரும். அதில் பழகிவிட்டு வேறு மொழிக்கு வருகிறவர்களுக்குத்தான் இது முதுகில் விழும் அடி. 1970 ஜனவரி 1 முதல் விநாடிகளை 32 பிட்டில் எண்ணிவரும் பழைய அமைப்புகள் 2038 ஜனவரி 19 அன்று முட்டப்போவதும் இதே 2,147,483,647இல்தான்.

மீதி தரும் % குறியை நெகட்டிவ் எண்ணோடு ஒருமுறையாவது ஓட்டிப் பார்த்துவிடுங்கள். ஒற்றைப்படையா என்று பார்க்க எண் % 2 == 1 என்று எழுதுவது வழக்கம். -7க்கு ஜாவாவிலும் சி மொழியிலும் மீதி -1. ஆகவே -7 ஒற்றைப்படை இல்லை என்று நிரல் சாதிக்கும். பைத்தானில் மீதி 1, தப்பித்தது. எண் % 2 != 0 என்று எழுதினால் எங்கேயும் வம்பில்லை. இந்த வேறுபாட்டின் வேர் வகுத்தலில் இருக்கிறது: ஜாவா -7 / 2ஐச் சுழியை நோக்கி வெட்டி -3 ஆக்குகிறது, பைத்தானின் -7 // 2 கீழே இறங்கி -4 ஆகிறது.

அடுத்தது புள்ளி எண்கள். 0.1 + 0.2 கூட்டினால் பைத்தான் 0.30000000000000004 என்று காட்டும். கணினிக்குக் கோளாறு ஒன்றுமில்லை. மூன்றில் ஒரு பங்கைத் தசமத்தில் எழுதினால் 0.333 என்று முடிவில்லாமல் போகிறதல்லவா, பத்தில் ஒரு பங்கை இரும எண்ணில் எழுதினால் அதே நிலைமை. டபுள் வகை 53 இரும இலக்கத்தோடு நிறுத்திக்கொள்கிறது. நுனியில் கொஞ்சம் தப்பு ஒட்டிக்கொள்கிறது. 0.5, 0.25, 0.125 போன்றவை இரண்டின் அடுக்குகள் என்பதால் துல்லியமாக உட்காரும். ஆகவே 0.5 கொடுத்துச் சோதித்தால் எல்லாம் சரியாக இருப்பதுபோல் தெரியும், சோதனைக்கு 0.1 எடுங்கள். இரண்டு புள்ளி எண்களை == வைத்து ஒப்பிடாதீர்கள்; வித்தியாசம் உங்கள் கணக்குக்குத் தேவையான சின்ன அளவுக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். பணத்தை அதன் மிகச் சிறிய அலகில் முழு எண்ணாக வைத்துக்கொள்வது நல்லது.

அந்த நுனித் தப்பு எவ்வளவு பெருகும் என்பதற்கு 1991 பிப்ரவரி 25, வளைகுடாப் போரின்போது சவூதி அரேபியாவின் தஹ்ரான் சாட்சி. பேட்ரியாட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பின் கடிகாரம் பத்தில் ஒரு விநாடிகளை முழு எண்ணாக எண்ணி, விநாடியாக்க 0.1ஆல் பெருக்கியது. அந்த 0.1 இருந்த இடம் 24 பிட். வெட்டுப்பட்டதில் போனது சுமார் 0.000000095. அமைப்பு ஏறக்குறைய 100 மணி நேரம் நிறுத்தப்படாமல் ஓடியிருந்தது. 36,00,000 துடிப்புகளோடு பெருக்கினால் 0.34 விநாடி. ஈராக் ஏவிய ஸ்கட் ஏவுகணை அதற்குள் அரைக் கிலோமீட்டருக்கும் மேல் போய்விடும். தடுப்பு அமைப்பு தவறான இடத்தில் தேடியது. 28 வீரர்கள் இறந்தார்கள்.

டபுளை விடுத்து, அதைவிடச் சிறிய புள்ளி எண் வகையான ஃப்ளோட் எடுத்தால் 24 பிட்தான். 16,777,216ஓடு 1 கூட்டினால் அதே 16,777,216 வரும். ஃப்ளோட் மாறியை வைத்து இரண்டு கோடி வரை எண்ணும் லூப் எழுதினால் அது அந்த இடத்திலேயே நின்று காலம் முடியும்வரை ஓடும். எண்ணிக்கைக்கு எப்போதும் முழு எண்.

விசைப்பலகையிலிருந்து வருவதைப் பற்றி ஒரு வார்த்தை. பைத்தானில் இன்புட் தருவது எண் அல்ல, எழுத்துச் சரம். 5, 7 வாங்கிக் கூட்டினால் 57 வருவதை எல்லோரும் சிரித்துக்கொண்டே கண்டுபிடித்துவிடுவார்கள். வாங்கிய இரண்டையும் ஒப்பிடும்போதுதான் சிக்கல்: சரமாக இருக்கும் 100, சரமாக இருக்கும் 90ஐவிடச் சிறியது, ஏனென்றால் 1 என்ற எழுத்து 9க்கு முன்னால் வருகிறது. 25, 90 என்று ஒரே நீளமுள்ள எண்களாகக் கொடுத்துப் பார்த்தால் இது பிடிபடாது.

நிபந்தனையின் விளிம்பு

மதிப்பெண்ணுக்குத் தரம் போடும் நிரலில் இந்தத் துண்டைப் பாருங்கள்.

மதிப்பெண் >= 50 எனில்: தரம் = "சி"
இல்லையேல் மதிப்பெண் >= 75 எனில்: தரம் = "பி"
இல்லையேல் மதிப்பெண் >= 90 எனில்: தரம் = "ஏ"

95 எடுத்தவருக்கும் "சி"தான். முதல் வாசலிலேயே உள்ளே போய்விட்டார். மற்ற வாசல்களை யாரும் திறக்கவில்லை. பெரிய எண்ணிலிருந்து இறங்கி வர வேண்டும். இதில் வேடிக்கை என்னவென்றால், "இல்லையேல்" இரண்டையும் எடுத்துவிட்டுத் தனித்தனி இஃப்களாக இதே வரிசையில் எழுதினால் 95க்கு "ஏ" வந்துவிடும்: சி போட்டு, அதன்மேல் பி போட்டு, அதன்மேல் ஏ போடுகிறது. இரண்டு தப்பு சேர்ந்து ஒரு சரியான விடை. இதைப் பார்த்த யாராவது "அழகாக்கலாம்" என்று வரிசையை மட்டும் தலைகீழாக்கினால் எல்லோருக்கும் மறுபடி "சி". இப்படி ஓடும் நிரலை நம்பவும் கூடாது, பாதி திருத்தவும் கூடாது.

75 முதல் 89 வரை பி, 90 முதல் 100 வரை ஏ என்று இரண்டு முனையையும் எழுதுகிறவர்களும் உண்டு. மதிப்பெண் முழு எண்ணாக இருக்கும்வரை குறையில்லை. சராசரி எடுத்து 89.5 என்று வந்த அன்று அந்த மாணவர் எந்தத் தரத்திலும் சேராமல் நடுவில் நிற்பார். வகையை மாற்றினால் நிபந்தனையையும் திரும்ப வாசிக்க வேண்டும். எல்லையை ஒரே இடத்தில் சொல்லி, மீதியை "இல்லையேல்" பார்த்துக்கொள்ளும்படி விட்டால் இடைவெளியே விழாது.

நாம் பேசும் வழக்கம் நிரலில் காலை வாரிவிடும் இடமும் இதுதான். "விடை 1 அல்லது 2 ஆனால்" என்று நாம் சொல்வதைப் பைத்தானில் விடை == 1 அல்லது 2 என்று எழுதினால் அது எப்போதும் உண்மை. கணினி அதை (விடை == 1) அல்லது (2) என்று பிரிக்கிறது; சுழியல்லாத எந்த எண்ணும் அதற்கு உண்மை. இதைவிட அடிக்கடி வருவது இதன் எதிர்மறை. 1 அல்லது 2 தட்டும்வரை பயனரைத் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும்:

விடை != 1 அல்லது விடை != 2 ஆக இருக்கும்வரை: மீண்டும் கேள்

பாவம், அந்தப் பயனர் எதைத் தட்டினாலும் வெளியே வர முடியாது. 1 தட்டினால் அது 2 இல்லை. 2 தட்டினால் அது 1 இல்லை. ஒரே நேரத்தில் இரண்டாகவும் இருக்கும் எண்ணைத்தான் நிரல் கேட்கிறது. "மற்றும்" வர வேண்டிய இடம் அது. "இது அல்லது அது" என்பதை மறுத்தால் "இதுவும் இல்லை, அதுவும் இல்லை" என்றாகும். டி மார்கன் விதி என்று தர்க்கத்தில் படிப்பது இதைத்தான்.

0 < எண் < 10 என்று கணக்குப் புத்தகத்தில் இருப்பதுபோல் எழுதினால் பைத்தானுக்குப் புரியும். ஜாவா மறுத்துவிடும். சி ஏற்றுக்கொண்டு தப்பாகச் செய்யும்: 0 < எண் என்பதன் விடை 0 அல்லது 1, இரண்டுமே 10க்குக் கீழ், ஆக எப்போதும் உண்மை. ஒற்றைச் சமக்குறியும் இதே கதை. சி மொழியில் இஃப் அடைப்புக்குள் எண் = 5 என்று எழுதினால் நிபந்தனை உண்மையாவதோடு, எண்ணின் பழைய மதிப்பும் போயே போச்சு. ஜாவா முழு எண்ணில் இதைத் தடுக்கும். உண்மை, பொய் மட்டும் வைக்கும் பூலியன் மாறியில் தடுக்காது. கம்பைலரின் எச்சரிக்கைகளை முழுவதும் இயக்கி வைத்தால் சி மொழியிலும் பெரும்பாலும் பிடிபடும், ஆனால் பழகுகிறவர்கள் எச்சரிக்கையை வாசிப்பதில்லை. வாசியுங்கள்.

இஃப் வரியின் முடிவில் பழக்கதோஷத்தில் விழும் அரைப்புள்ளி, நெளி அடைப்பு இல்லாமல் உள்தள்ளலை நம்பி எழுதும் இரண்டாவது வரி, இரண்டும் ஒரே இனம்: கண்ணுக்கு இஃப்க்குள் இருப்பதாகத் தெரியும், கம்பைலருக்கு வெளியே. ஒரே வரியாக இருந்தாலும் நெளி அடைப்பு போடுங்கள். 2014 பிப்ரவரியில் ஆப்பிள் அவசரமாகத் திருத்திய பாதுகாப்பு ஓட்டை இப்படி அடைப்பில்லாத இஃப்க்குக் கீழே இரண்டு முறை விழுந்த ஒரு வரியால் வந்தது.

லீப் ஆண்டுக்கு நான்கு எண்கள் போதும்: 2023, 2024, 1900, 2000. நான்கால் வகுபடாதது, வகுபடுவது, நூறாலும் வகுபடுவதால் விலக்கப்பட்டது, நானூறாலும் வகுபடுவதால் மீண்டும் சேர்க்கப்பட்டது. ஒவ்வொரு கிளைக்கும் ஒன்று. வேறு இருபது ஆண்டு கொடுத்துச் சோதித்தாலும் இந்த நான்கு இல்லையென்றால் பயனில்லை.

லூப் நிற்கும் இடம்

லூப் புரியவில்லை என்று சொல்கிறவர்களிடம் விளக்கத்தைக் கூட்டிக்கொண்டே போவதில் பலனில்லை. ஒரு தாளும் பென்சிலும் கொடுத்து, மாறி ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி போடச் சொல்ல வேண்டும். ஒரு எண்ணின் இலக்கங்களைக் கூட்டும் லூப்:

கூட்டல் = 0
எண் > 0 ஆக இருக்கும்வரை:
    இலக்கம் = எண் % 10
    கூட்டல் = கூட்டல் + இலக்கம்
    எண் = எண் // 10

407 கொடுத்தால் தாளில் வர வேண்டியது இது:

சுற்று 1: எண் 407, இலக்கம் 7, கூட்டல் 7, மிச்சம் 40
சுற்று 2: எண் 40, இலக்கம் 0, கூட்டல் 7, மிச்சம் 4
சுற்று 3: எண் 4, இலக்கம் 4, கூட்டல் 11, மிச்சம் 0
எண் > 0 பொய். வெளியே.

கடைசி வரியை எழுதாமல் விடுகிறவர்கள் அதிகம். லூப் ஏன் நின்றது என்பதற்கான வரி அதுதான். அதையும் எழுதினால்தான் அட்டவணை முடிந்தது. நடுவில் சுழி இருக்கும் எண்ணை எடுத்ததற்கும் காரணம் உண்டு: இலக்கம் > 0 என்று தெரியாத்தனமாக நிபந்தனை வைத்திருந்தால் 407இல் இரண்டாம் சுற்றில் மாட்டும், 123இல் மாட்டாது.

இந்த ஐந்து வரியிலேயே எத்தனை விதமாக வழுக்கலாம் என்று பாருங்கள். கூட்டல் = 0 என்பதை லூப்புக்குள் வைத்தால் ஒவ்வொரு சுற்றும் அழிந்து, 11க்குப் பதில் 4 வரும். (லூப்புக்குள் லூப் வரும்போது இது தலைகீழாகும்: ஒவ்வொரு வரிசைக்கும் தனிக் கூட்டல் வேண்டுமென்றால் சுழியாக்கும் வரி வெளி லூப்புக்குள்ளே, உள் லூப்புக்கு முன்னால் இருக்க வேண்டும்.) பைத்தானில் // என்பதற்குப் பதில் / போட்டால் 123 அடுத்து 12.3, 1.23, 0.123 என்று போய்க்கொண்டே இருக்கும். முடிவில்லா லூப் என்று நினைப்பீர்கள். டபுளின் சிறுமை எல்லையும் தீர்ந்து சுழியாகி, முந்நூறுக்கும் மேற்பட்ட சுற்றுக்குப் பிறகு கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும், விடை 6க்குப் பதிலாக 6.67க்குப் பக்கத்தில். நெகட்டிவ் எண்ணுக்கும் வேலை செய்யட்டும் என்று > குறியை != ஆக்கினால் ஜாவாவில் நிற்கும், பைத்தானில் நிற்காது: -1 // 10 என்பது -1, அதற்கடுத்தும் -1. இதே லூப்பை இலக்கங்களை எண்ணுவதற்கு மாற்றினால், 0 என்ற எண்ணுக்கு 0 இலக்கம் என்று சொல்லும். ஒன்றல்லவா இருக்கிறது?

நிற்காத லூப்பில் பெரும்பாலும் ஒரே குற்றவாளி: நிபந்தனையில் இருக்கும் மாறி உள்ளே மாறவில்லை. வரியை மறந்ததால் மட்டும் இல்லை, வரி இருந்தும் அந்த இடத்தை எட்டாததாலும்தான்.

எண் = 1
எண் <= 10 ஆக இருக்கும்வரை:
    எண் % 3 == 0 எனில்: கன்டினியூ
    எண்ணை அச்சிடு
    எண் = எண் + 1

1, 2 என்று அச்சிட்டுவிட்டு மௌனமாகிவிடும். 3 வந்ததும் கன்டினியூ மேலே அனுப்புகிறது. கூட்டும் வரிக்கு வாய்ப்பே வருவதில்லை. திரையில் ஒன்றும் அசையாமல் மின்விசிறி மட்டும் வேகமெடுத்தால் கண்ட்ரோல், சி விசைகளைச் சேர்த்து அழுத்தி நிறுத்தி, லூப்பின் முதல் வரியாக நிபந்தனை மாறியை அச்சிடும் வரியைச் சேருங்கள். பத்துச் சுற்றுக்குள் தெரிந்துவிடும்.

0.1ஐக் கூட்டிக்கொண்டே போய் 1 ஆகும்வரை ஓடும் லூப் 1ஐத் தொடாமல் தாண்டிவிடும். பத்தாவது கூட்டலில் கிடைப்பது 0.9999999999999999. != என்பதை < ஆக்கினால் நிற்கும், ஆனால் பத்துக்குப் பதில் பதினொரு சுற்று. 0 முதல் 9 வரை முழு எண்ணில் ஓட்டி, உள்ளே பத்தால் வகுத்துக்கொள்ளுங்கள்.

பகா எண்ணா என்று பார்க்கும் லூப்பைப் பயிற்சியில் கட்டாயம் கொடுக்க வேண்டும், அதன் பிழைகள் அத்தனையும் பாடம். முதல் தப்பு, வகுபட்டால் "இல்லை", வகுபடாவிட்டால் உடனே "ஆம்" என்று லூப்புக்குள்ளேயே தீர்ப்பு சொல்வது. 9ஐ 2ஆல் வகுக்க முடியாது, ஆகவே பகா எண் என்கிறது. "ஆம்" சொல்லும் இடம் லூப்புக்கு வெளியே, எல்லாம் முடிந்த பிறகு. இரண்டாவது தப்பு, வகு * வகு <= எண் என்பதில் சமக்குறி விடுபடுவது. கண்டறிவது சுலபம்: 9, 15 இரண்டையும் கொடுங்கள். இரண்டுக்கும் "பகா எண்" என்றால் தீர்ப்பு அவசரம். 15 சரியாகி 9 மட்டும் தப்பினால் சமக்குறி விடுபட்டிருக்கிறது, 4, 25, 49 எல்லாம் அதேபோல் தப்பும்.

மூன்றாவது தப்பு அபூர்வமானது. ஜாவா இன்ட்டில் 2,147,483,647 கொடுங்கள். அது பகா எண். லியோனார்ட் ஆய்லர் 1772இல் நிறுவியது. 46,341ஐ எட்டியதும் வகு * வகு வழிகிறது. வழிந்து எந்த எண்ணாக மாறினாலும் அது இன்ட்டின் உச்சத்துக்கு மேல் போக முடியாது; ஆகவே <= என்ற நிபந்தனை பொய்யாகவே ஆகாது. லூப் இருநூறு கோடிச் சுற்று ஓடி, கடைசியில் எண்ணை அதே எண்ணால் வகுத்துப் பார்த்து, மீதி இல்லை என்று "பகா எண் அல்ல" என்று சொல்லும். வகு <= எண் / வகு என்று எழுதினால் வழிவதற்கு ஒன்றுமில்லை.

பெரிய எண்ணைக் கண்டுபிடிக்கும் லூப்பில் ஆரம்ப மதிப்பாக 0 வைக்காதீர்கள். எல்லாமே நெகட்டிவாக இருந்தால் பட்டியலிலேயே இல்லாத 0 ஜெயித்துவிடும். பட்டியலின் முதல் எண்ணை வையுங்கள்.

நிபந்தனையும் லூப்பும் சேர்ந்து ஏமாற்றியதற்கு ஒரு நிஜ உதாரணம். 2008 டிசம்பர் 31 அன்று பாட்டு கேட்க உதவும் மைக்ரோசாஃப்டின் ஸூன் 30 கருவிகள் உறைந்துபோயின. 1980இலிருந்து கழிந்த நாட்களை ஆண்டாக மாற்றும் துண்டு இந்த வடிவில் இருந்தது:

நாள் > 365 ஆக இருக்கும்வரை:
    ஆண்டு லீப் எனில்:
        நாள் > 366 எனில்:
            நாள் = நாள் - 366
            ஆண்டு = ஆண்டு + 1
    இல்லையேல்:
        நாள் = நாள் - 365
        ஆண்டு = ஆண்டு + 1

ஆண்டு 2008, நாள் 366 என்று தாளில் போடுங்கள். 365ஐவிடப் பெரிது, உள்ளே வா. லீப் ஆண்டு, ஆம். 366ஐவிடப் பெரிதா, இல்லை. ஒன்றும் செய்யாமல் மேலே போ. நாள் இன்னும் 366. நான்கு ஆண்டுக்கு ஒரே ஒரு நாள் மட்டும் தடுக்கும் வரி. பேட்டரி தீரும்வரை விட்டு, ஜனவரி 1 அன்று மீண்டும் இயக்கச் சொன்னார்கள்; நாள் 367 ஆனதும் எல்லாம் சரியாகிவிட்டது.

இதைத் திருத்தச் சொன்னால் பலரும் முதலில் செய்வது நாள் > 366 என்பதை >= 366 ஆக்குவது. உறைவது நின்றுவிடும். தாளில் இன்னொரு வரி போடுங்கள்: 366 - 366, நாள் 0, ஆண்டு 2009. கருவி தடையில்லாமல் ஓடும், தேதி மட்டும் 2009 ஜனவரி 0. உறைந்துபோனதையாவது எல்லோரும் பார்த்தார்கள். உள்ளே இருக்கும் இஃப்க்கு ஒரு "இல்லையேல்" சேர்த்து, 366ஆக இருந்தால் லூப்பை விட்டு பிரேக் செய்ய வேண்டும். பிறகு லீப் ஆண்டில் 365, 366, 367, சாதாரண ஆண்டில் 365, 366 என்று ஐந்து முறை அட்டவணை போட்டுப் பாருங்கள்.